செவலைக்கு என்னங்க சீக்கு?

என் வீட்டுக்காரருக்குச் சக்கரை வியாதி என்று பொள்ளாச்சி டாக்டர் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இது வெளிய தெரியுமுங்களா?" என்பதுதான். கண் போகுமா, கால் போகுமா, எத்தனை காலம் இருப்பேன், எதையும் கேட்கவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அவரு அப்படித்தானுங்க, நீங்க எங்கிட்டச் சொல்லுங்க" என்றேன். அன்றைக்கே வியாதி அவருக்கு, அதைப் பற்றிய கவலை எனக்கு என்று பாகம் பிரிந்துவிட்டது.

எழுபதுகளில் நாங்கள் இருந்தது மீனாட்சிபுரத்தை ஒட்டிய ஒரு சின்ன ஊர். ரேஷன் கார்டு கேரளத்தில். கொள்வினை கொடுப்பினை எல்லாம் கோயமுத்தூர் ஜில்லாவில். தென்னை, கடலை, கறவை மாடு என்று பிழைக்கிற ஜனம். அங்கே சக்கரை வியாதி என்றால் மில் முதலாளிக்கும் மண்டிக்காரருக்கும் வருவது, உட்கார்ந்த இடத்தில் தின்கிறவர்களுடைய சீக்கு. பஸ்ஸில் திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் என் காதருகே குனிந்து சொன்னார்: "காடு ஓட்டறவனுக்கு இது வந்துருக்குதுன்னு தெரிஞ்சா, அப்ப இவன் இத்தனை வருசமா காட்டுல என்னத்தக் கிழிச்சான்னு கேக்க மாட்டாங்களா? மூச்சு உட்டறாதே புள்ள."

நான் மூச்சு விடவில்லை. ஆனால் மறைக்கிற வேலை எவ்வளவு பெரிய வேலை என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அரிசியைக் குறைத்துக் கோதுமை சாப்பிடச் சொல்லியிருந்தார் டாக்டர். எங்கள் ஊரில் கோதுமை சாப்பிடுகிறவர் யாரும் கிடையாது. உள்ளூர்க் கடையில் ஒரு படி கோதுமை வாங்கினால் போதும், தமுக்கு அடித்த மாதிரி. பொள்ளாச்சியில் வாங்கி, தவிட்டு மூட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு கோதுமை தோசை சுட்டேன். ஒறம்பரை, விருந்தாளி என்று யாராவது வந்துவிட்டால் அவருக்கும் வட்டலில் சோறு விழும், பாயசமும் விழும். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்களே என்று அவர் பாயசத்தை இரண்டாம் தரமும் வாங்கிக் குடிப்பார். பக்கத்தில் நின்று பரிமாறுகிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாத்திரை கொஞ்ச நாள் கேட்டது. பிறகு கேட்கவில்லை. ஆள் துரும்பாக இளைத்தார். குடத்தைச் சாய்த்துச் சாய்த்துத் தண்ணீர் குடித்தார். இனி தினமும் இன்சுலின் ஊசிதான், இல்லாவிட்டால் நான் ஜவாப்தாரி இல்லை என்றுவிட்டார் டாக்டர். ஊசி போட எனக்கே சொல்லிக்கொடுத்தார்கள். கண்ணாடி ஊசிக்குழல். அதைத் தினமும் வெந்நீரில் கொதிக்க வைத்துத்தான் எடுக்க வேண்டும். "முதல்ல கத்திரிக்காயில குத்திப் பழகுங்க" என்றாள் நர்ஸ். ஒரு வாரம் கத்திரிக்காய்க்கு வைத்தியம் பார்த்தேன். அந்த வாரம் பூராவும் எங்கள் வீட்டில் கத்திரிக்காய்க் குழம்பு. அவர் ஒரு துண்டைக்கூடத் தொடவில்லை.

டாக்டர் இரண்டு விஷயம் என் மண்டையில் ஏற்றி அனுப்பினார். ஒன்று, ஊசி போட்ட அரை மணிக்குள் சாப்பிட வேண்டும். சாப்பிடாவிட்டால் உடம்பில் சக்கரை அடியோடு இறங்கிவிடும். வேர்க்கும், கை நடுங்கும், கிறுக்குப் பிடித்தவர் மாதிரிப் பேசுவார், அப்புறம் மயக்கம், அப்புறம் உயிருக்கே ஆபத்து. அந்த நேரத்தில் மட்டும் யோசிக்காமல் சக்கரையைக் கொடுத்துவிட வேண்டும். இரண்டாவது, மருந்துக் குப்பியைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும். "ஊட்டுல ஃபிரிட்ஜ் இருக்குதா?" என்று கேட்டார். கரண்டே வராத வீட்டில் ஃபிரிட்ஜுக்கு எங்கே போவது? பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மாசி மாதத்திலேயே அடுப்பு வாயிலிருந்து வருகிற மாதிரி வரும்.

முதலில் குப்பியைச் சொம்பில் போட்டு, கயிறு கட்டிக் கிணற்றுக்குள் தண்ணீர் மட்டத்துக்குத் தொங்கவிட்டேன். நல்ல யோசனை என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். நாலாம் நாள் யாரோ தண்ணீர் சேந்தும்போது வாளிக் கயிறும் சொம்புக் கயிறும் முறுக்கிக்கொண்டு, சொம்பு கவிழ்ந்து, குப்பி அடியில் போய்விட்டது. அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கெல்லாம் அந்த வருஷம் சக்கரை குறைந்திருக்க வேண்டும்.

எங்கள் வட்டாரத்திலேயே ஃபிரிட்ஜ் இருந்த ஒரே இடம் மாட்டாஸ்பத்திரிதான். கோமாரித் தடுப்பூசி வைப்பதற்காக சர்க்கார் கொடுத்தது. அங்கிருந்த டாக்டர் பாலக்காட்டுக்கு அந்தப் பக்கத்து மலையாளி, நல்ல மனுஷர், ஆனால் பயந்த சுபாவம். நான் விஷயத்தைச் சொன்னதும், மேலதிகாரி வந்து கேட்டால் என்ன சொல்வது என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"அம்மே, இது மாட்டுக்கு உள்ள ஃபிரிட்ஜ் அல்லே? மனுஷன்டெ மருந்து வெச்சால், மேலே நிந்நு ஆள் வந்நால் ஞான் எந்து பறயும்?"

"மாட்டுக்கு எடமிருக்குது, மாட்டை மேய்க்கறவனுக்கு எடமில்லீங்களா சார்? அவரு போயிட்டா இந்த மாடுகள ஆருங்க பாக்கறது? நீங்களா வந்து தண்ணி காட்டுவீங்க?" என்றேன்.

அவர் ஃபிரிட்ஜைத் திறந்து, கதவில் ஒரு மூலையைக் காட்டினார். பிற்காலத்தில் அந்த மூலையில் பக்கத்து ஊர்க்காரர்களின் குப்பிகளும் வந்து உட்கார்ந்து, தடுப்பூசி மருந்துக்கு இடமில்லாமல் அவர் புலம்பியது தனிக் கதை. ஆனால் முதல் குப்பி எங்களுடையது. ஒரே நிபந்தனை: மருந்தை வெயிலில் எடுத்துக்கொண்டு போகவர இருக்கக் கூடாது, ஊசியை அங்கேயே பின் அறையில் போட்டுக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் என் வீட்டுக்காரரின் மூளை வேலை செய்தது. "மாடு இல்லாம மாட்டாஸ்பத்திரிக்குத் தெனமும் போனா, எதுக்குன்னு கேக்க மாட்டாங்களா?" என்றார். கேட்பார்கள்தான். ஆகவே மறுநாள் காலை செவலையை அவிழ்த்தார்.

செவலை எங்கள் கொட்டத்திலேயே நல்ல மாடு. செக்கச் செவேலென்று இருக்கும். உதைக்காது, முட்டாது, பால் நிறையக் கறக்கும். சாதுவாகக் கூட வரும் என்பதற்காகத்தான் அதைப் பிடித்தார். முன்னால் அவர் கயிற்றோடு, நடுவில் செவலை, பின்னால் ஊசிக்குழல் இருக்கிற தூக்குப் போசியோடு நான். ஆஸ்பத்திரி வேப்ப மரத்தில் செவலையைக் கட்டிவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் பின் அறைக்குள் போவோம். அவர் சட்டையைத் தூக்குவார், நான் குத்துவேன். வெளியே வந்து செவலையை அவிழ்த்துக்கொண்டு, நோயாளி மாட்டை நடத்துகிற மாதிரி மெதுவாக நடத்திக்கொண்டு திரும்புவோம். செவலைக்கு இந்த உலாத்தல் ரொம்பப் பிடித்துப்போயிற்று. வேலியோரத்துக் கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்துகொண்டே வந்து இன்னும் கொழுத்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டோம் என்று அவருக்கு ஒரே பெருமை. ஊருக்குக் கண் இல்லையா என்ன? தினமும் தவறாமல் ஒரு மாட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், அந்த மாட்டுக்கு என்ன சீக்கு என்று கேட்க மாட்டார்களா? கேட்டார்கள். போகும்போது கேட்டார்கள், வரும்போது கேட்டார்கள், வீடு தேடி வந்து கேட்டார்கள்.

"செவலைக்கு என்னங்க சீக்கு?"

"சித்தெ ஒடம்பு செரியில்லீங்க" என்பார் இவர்.

"தீனி எடுக்குதுங்களா?"

"எடுக்குது, எடுக்குது."

"தண்ணி?"

"அதான் கொஞ்சம் அதிகமாக் குடிக்குதுங்க" என்று தன் கதையைச் சொல்லிவிட்டுச் சட்டென்று வாயை மூடிக்கொள்வார்.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். மேலத் தோட்டத்துக்காரர் இஞ்சியும் மிளகும் பூண்டும் இடித்து உருண்டை பிடித்துக் கொண்டுவந்து, செவலையின் வாயைப் பிளந்து தன் கையாலேயே ஊட்டிவிட்டுப் போனார். ஒரு பங்காளி, இடுப்பில் சூடு போட்டால் சரியாகிவிடும் என்று இரும்பைக் காய்ச்சுவதற்கே புறப்பட்டுவிட்டார். எங்கள் வீட்டிலேயே நல்ல ஆரோக்கியமாக இருந்தது அது ஒன்றுதான். நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். மாட்டுப் பொங்கலன்று நாலு வீட்டு அம்மிணிகள் வந்து செவலைக்குத் தனியாகக் கற்பூரம் காட்டித் திருநீறு பூசினார்கள். அதே கொண்டாட்டத்தில் என் வீட்டுக்காரர் கட்டுத்தறி ஓரமாக நின்றுகொண்டு பொங்கலை வழித்து வழித்துத் தின்றார். அவருக்கு ஒரு சிட்டிகைத் திருநீறு பூச ஆள் இல்லை.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. மாசம் இரண்டு ஆவதற்குள் செவலைக்குத் தீராத வியாதி என்று முடிவாகிவிட்டது. பால் ஊற்றுகிற இடத்தில், "அந்த மாட்டுப் பாலு வேண்டாமுங்க, நாலு பேரு குடிக்கறது" என்று சொல்லிவிட்டார்கள். மாட்டு டாக்டருக்கே மனசு கேட்கவில்லை. "இந்தப் பசுவுக்கு ஒரு தீனமும், ஒரு சீக்கும் இல்லெந்நு ஞான் எழுதித் தரட்டே?" என்றார்.

என் வீட்டுக்காரர் பதறிப்போனார். "ஐயையோ, வேண்டாமுங்க சார்! மாட்டுக்கு இல்லைன்னா அப்ப ஆருக்குன்னு கேப்பாங்க!"

கடைசியில் செவலையை வேலந்தாவளம் சந்தையில் விற்றுவிடுவது என்று முடிவு செய்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கரண்டி வாசலில் போய் விழுந்தது. "மாடு என்னங்க பாவம் பண்ணுச்சு? இதை வித்துப்போட்டு அடுத்த மாட்டையும் சீக்காளி ஆக்கப் போறீங்களா? கொட்டத்துல இருக்கற மாடெல்லாம் தீந்து போனா என்னையக் கயித்துல கட்டிக் கூட்டீட்டுப் போவீங்களா?" என்று கேட்டேன். அந்த மனுஷரின் பிடிவாதத்துக்கு முன்னால் கருங்கல் தேவலை.

சந்தை நாளன்று விடிந்ததும் ஆஸ்பத்திரியைத் திறக்கச் சொல்லி ஊசியைப் போட்டுக்கொண்டு, மாட்டு லாரியில் ஏறினோம். மாட்டுச் சந்தைக்குப் பொம்பளை போகிற வழக்கம் அந்தக் காலத்தில் கிடையாது. நான் போனேன். பொள்ளாச்சி டாக்டர் சொன்னது என் மண்டைக்குள் இருந்ததே, அவரைத் தனியாக விட எனக்கு மனசு வரவில்லை. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மாட்டைப் பிரிய மனசில்லாமல் அழுதுகொண்டு வருகிறாள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். கோதுமை உப்புமா போசியை அவர் கையில் கொடுத்து, "லாரி கெளம்புனதும் தின்னு போடுங்க" என்று மூன்று தரம் சொல்லித்தான் ஏற்றினேன்.

லாரியின் பின்னால் நாலைந்து மாடுகளும், மாட்டுக்காரர்களும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அத்தனை பேர் நடுவில் கோதுமை உப்புமாவைத் திறப்பாரா அவர்? இறங்கினதும், "தின்னீங்களா?" என்று கேட்டேன். "ஆச்சு, ஆச்சு" என்றார். நம்பினேன். கட்டிய புருஷன் உப்புமா விஷயத்தில் பொய் சொல்லுவார் என்று எந்தப் பெண்டாட்டி நினைப்பாள்?

நான் டீக்கடை ஓரத்தில் உட்கார்ந்தேன். அவர் செவலையோடு சந்தைக்குள் நின்றார். அங்கே நடந்ததெல்லாம் பிற்பாடு நான் கேள்விப்பட்டதுதான். எங்கள் பக்கத்துச் சந்தையில் மாட்டு விலையை வாயால் சொல்வதில்லை. தரகர் விற்கிறவருடைய கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொள்வார். துண்டுக்குள் விரலைத் தொட்டும் மடக்கியும் விலை நடக்கும். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. செவலையைப் பார்த்ததும் ஒரு மீசைக்காரத் தரகர் வந்து துண்டைப் போட்டார். ஊர்ப் பேச்சு அவர் காதுக்கும் வந்திருக்க வேண்டும், ஆரம்பத்திலேயே முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் விரலைப் பிடித்தார்.

கொஞ்ச நேரத்தில் தரகர் முகம் மலர்ந்தது. "அட, அண்ணன் எறங்கி வர்றாருங்க!" என்றார் வாங்க வந்தவரிடம். இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று. "மறுக்கா எறங்கறாருங்க! இதென்னங்க இப்படி நிக்காம எறங்கீட்டே இருக்கறாரு?" என்றார். மேற்கொண்டு இறங்க விலையில் ஒன்றுமே மிச்சமில்லாத இடம் வந்ததும் தரகருக்கே சந்தேகம் வந்துவிட்டது. துண்டை எடுத்துப் பார்த்தார். உள்ளே விலை பேசியது என் வீட்டுக்காரர் இல்லை. அவர் விரல்கள் அஞ்சும் தம்பாட்டுக்கு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன. உள்ளங்கை நனைந்து சொட்டியது.

"ஏனுங்க, என்ன பண்ணுதுங்க?" என்றார் தரகர்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். சந்தையில் பல் தெரியச் சிரிக்கிற ஆளே இல்லை அவர். வாங்க வந்தவர் தோளில் கையைப் போட்டு, "ஏனுங்க மாப்பிள்ளை, பொண்ணப் புடிச்சிருக்குதுங்களா?" என்றார். கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவர் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். "பொண்ணுக்கு ஒரு சீக்கும் இல்லீங்க! சீக்கெல்லாம் பொண்ணோட அப்பனுக்குத்தான்!" என்றார் உரக்க. சந்தையே கொல்லென்று சிரித்தது. மாசக்கணக்காக அவர் மறைத்த உண்மை அவர் வாயாலேயே வந்து விழுந்தது, ஒருத்தருக்கும் புரியவில்லை. "வெடியாலயே கள்ளு ஏத்தீட்டாரு போலிருக்குது" என்றார் ஒருவர். கள்ளுக்கடை வாசலைக்கூட மிதிக்காத மனுஷர்!

சிரிப்புச் சத்தம் கேட்டு நான் எட்டிப் பார்த்தபோது அவர் செவலையின் முன்னங்காலைப் பிடித்தபடி கீழே சரிந்துகொண்டிருந்தார். ஓடினேன். உப்புமா போசி பக்கத்தில் கிடந்தது; தூக்கினால் கொடுத்த கனம் அப்படியே இருந்தது. அவருக்குக் கண் பாதி செருகியிருந்தது, சட்டை பிழிந்தால் ஒரு குடம் வேர்வை வரும்.

"சக்கரை! ஆராச்சும் சக்கரை கொண்டாங்க!" என்று கத்தினேன்.

"சக்கரை எதுக்குங்க அம்மிணி? சோடா தெளிங்க. கள்ளு தெளிஞ்சுரும்."

"கள்ளும் இல்லை, கருமாந்தரமும் இல்லை! அவருக்குச் சக்கரை வியாதி! தெனமும் ஊசி போடறது அவருக்குத்தான், மாட்டுக்கில்லை! ஓடிப் போய்ச் சக்கரை கொண்டாங்க!"

சொல்லியிருக்கவே கூடாது. அதுவரை சக்கரை எடுக்கப் புறப்பட்ட ஒருத்தரும் நின்றுவிட்டார். "சக்கரை வியாதிக்காரருக்குச் சக்கரையா? வெசத்தக் குடுக்கற மாதிரிங்க!" என்றார். கூட்டம் முழுக்க ஆமாம் ஆமாம் என்றது. நான் டீக்கடைக்குப் பாய்ந்தேன். கடைக்காரர் சக்கரை டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் போனார். "அம்மிணி, வேண்டாமுங்க, கொலைப் பழி எனக்கு வேண்டாமுங்க!"

"என்ற புருசன்! கொன்னா நான் கொன்னுக்கறேன்! நீ டின்னைக் கொண்டா!" என்றேன். அவர் கொடுக்கவில்லை. பாவி, டின்னோடு கடைக்குப் பின்னாலேயே ஓடிவிட்டார்.

திரும்பிப் பார்த்தால், ஒருவர் புதிதாகக் கன்று போட்ட தன் மாட்டுக்கு வெல்ல உருண்டை ஊட்டிக்கொண்டிருந்தார். மாட்டின் வாய்க்குப் போகிற வழியில் அந்த உருண்டையைப் பிடுங்கினேன். பெஞ்சு மேலிருந்த யாருடைய டீயிலோ போட்டுக் கையாலேயே கரைத்து, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். "முழுங்குங்க, ஐயோ முழுங்குங்க, என்னைய உட்டுப்போட்டுப் போயிராதீங்க" என்று அழுதுகொண்டே ஊற்றினேன். அத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற வெட்கமெல்லாம் எங்கே போயிற்றோ. அந்தத் தரகர் மட்டும் மண்டியிட்டு உட்கார்ந்து, விலை பேசின அதே துண்டால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தொண்டை அசைந்தது. ஒரு வாய் இறங்கியது, இன்னொரு வாய் இறங்கியது.

கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தார். "இங்கென்ன கூட்டம்?" என்றார்.

பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர் குனிந்து, கெட்ட செய்தியைப் பக்குவமாகச் சொல்கிற குரலில், "உங்களுக்குச் சக்கரை வியாதியாமுங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அதற்குள் சுற்றி நின்றவர்களுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. அப்படியானால் மாடு நல்ல மாடு! ஆளாளுக்குச் செவலையின் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு துண்டோடு முன்னால் வந்தார்கள். "மாடு விக்கறதுக்கில்லை, அக்கட்டால போங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் இரண்டு மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டன.

ஊருக்கு எங்களுக்கு முன்னாலேயே செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் காலை ஊசிக்குழலைக் கொதிக்க வைத்து எடுத்துக்கொண்டு கூப்பிட்டேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். "இனி எந்த மூஞ்சிய வெச்சுட்டு அந்த வழியில நடக்கறது?" என்றார். அதற்கு அடுத்த நாளும் அதே. ஊசி இல்லாமல் பழையபடி தண்ணீர்த் தாகம் பிடித்துக்கொண்டது. குடம் குடமாகக் குடித்தார், கண் குழிக்குள் போயிற்று. நான் கெஞ்சினேன், திட்டினேன், மருந்தை இங்கேயே கொண்டுவந்து குத்துகிறேன் என்றேன், ஒன்றுக்கும் அசையவில்லை. "உங்க மானத்த வெச்சுட்டு நான் என்னங்க பண்றது? படம் மாட்டி மாலை போட்டுக் கும்புடறதா? எனக்கு நீங்கதானுங்க வேணும்!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் கைவிட்டுப் போய்விடுவார் என்றே எனக்குத் தோன்றிவிட்டது.

அதற்கும் மறுநாள் காலையில் அந்த மீசைக்காரத் தரகர் வந்து நின்றார். செவலை இப்போது நல்ல மாடு ஆகிவிட்டதே, விலை பேசத்தான் வந்திருப்பார் என்று எனக்கு எரிச்சல். ஆனாலும் வீடு தேடி வந்தவரை என்ன சொல்வது? இவரும் வேறு வழியில்லாமல் எழுந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தார். நான் டீ வைக்க உள்ளே போனேன்.

"எப்படீங்க இருக்குது?" என்றார் தரகர்.

"மாட்டுக்கு ஒண்ணுமில்லீங்க. நல்லாத் தீனி எடுக்குது. பாலும் முன்ன மாதிரியே" என்று ஆரம்பித்தார் இவர், பழக்க தோஷத்தில்.

"மாடு கெடக்குதுங்க. உங்களக் கேட்டேன். உங்களுக்கு எப்படீங்க இருக்குது?"

நான் அடுக்களை நிலையிலிருந்து எட்டிப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்தபடி தரகரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை மாசமும் ஊரே வந்து விசாரித்துவிட்டுப் போன வீட்டில், அவரைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டது அதுதான் முதல் தரம். நானும் கேட்டதில்லை. தின்னீங்களா, போட்டாச்சா, கெளம்புங்க, இவ்வளவுதான் நான் கேட்டது.

"காலு ரெண்டும் எரியுதுங்க" என்றார் மெதுவாக. "கண்ணு மங்குது. ஊசிக்குப் பயமில்லீங்க. படுத்தா, காலையில எந்திரிப்பமான்னு பயமா இருக்குது. இவ தனியா என்ன பண்ணுவாளோன்னு நெனச்சு நெனச்சுத் தூக்கமே வர்றதில்லீங்க. ஆருகிட்டச் சொல்றது?" தரகர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். செவலையைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. தினமும் பக்கத்தில் படுக்கிற என்னிடம் சொல்லாததை, ஒரு மாட்டுத் தரகரிடம் சொல்கிறாரே என்று. அந்தக் கோபம் முழுசாக வருவதற்குள் அழுகை வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிலைக்குப் பின்னால் நின்றேன்.

வெகு நேரம் கழித்து அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏம் புள்ள, ஊசியக் கொதிக்கப் போடறயா?"

"அடுப்புலதானுங்க இருக்குது" என்றேன். அவர் வரமாட்டேன் என்ற நாட்களிலும் தினமும் காலையில் அதைக் கொதிக்க வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.